பட்டதாரிக்குப் பெண்பால் என்ன?

பெண்பாற் சொற்களைப் பட்டியலிடச் சொன்னால் கல்லூரிக்குப் புதிதாக வந்த மாணவியர் கடகடவென்று எழுதிவிடுவார்கள். மாணவன், மாணவி. தலைவன், தலைவி. நடிகன், நடிகை. பாடகன், பாடகி. பட்டியலின் நடுவே 'பட்டதாரி' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் பேனா நின்றுவிடும். ஒருத்தி 'பட்டதாரினி' என்று எழுதி அடிப்பாள். இன்னொருத்தி சிரித்துக்கொண்டே 'பட்டதாரிச்சி' என்பாள். பெரும்பாலோர் கடைசியில் எழுதுவது 'பட்டதாரிப் பெண்'. அந்த விடையில்தான் இந்தக் கட்டுரைக்கான கேள்வி இருக்கிறது. பால் காட்டாத ஒரு சொல் ஏற்கெனவே கையில் இருக்கும்போது, அதன் பின்னால் 'பெண்' என்ற சொல்லை ஒட்டவேண்டும் என்று நமக்குத் தோன்றுவது ஏன்? 'பட்டதாரி ஆண்' என்று யாரும் எழுதுவதில்லையே?

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். பட்டம், தாரி என்று இரண்டு துண்டுகள். 'தாரி' வடமொழியிலிருந்து வந்தது. தரித்தவன், தாங்கியவன் என்று பொருள். வேடதாரி, ஆயுததாரி, நாளிதழ்கள் உருவாக்கிய துப்பாக்கிதாரி எல்லாம் இதே குடும்பம். வடமொழியில் தாரி ஆண்பால். பெண்பால் தாரிணி. கையில் ஏடு வைத்திருக்கும் கலைமகளைப் புஸ்தகதாரிணி என்று துதிப்பார்கள். ஏடு தாங்கிய தெய்வத்துக்குத் தனியாகப் பெண்பால் ஈறு இருந்தது. ஏடு தாங்கிய மனுஷிக்கு அந்த மொழியின் வைதிக மரபு என்ன இடம் கொடுத்தது என்பதைப் பிறகு பார்ப்போம். தமிழுக்கு வந்த 'தாரி' தன் ஆண்பாலைக் கழற்றி வைத்துவிட்டே உள்ளே வந்தது. தமிழில் 'அவன் பட்டதாரி' என்றும் சொல்லலாம், 'அவள் பட்டதாரி' என்றும் சொல்லலாம். இலக்கணம் எந்தத் தடையும் சொல்லாது.

'பட்டம்' என்ற முன்பாதிதான் வில்லங்கமானது. நெற்றியில் கட்டும் தகடு அதன் பழைய பொருள்களில் ஒன்று. பட்டத்து யானை, பட்டத்து அரசி, பட்டம் சூட்டுதல் எல்லாம் அங்கிருந்து வருகின்றன. சில சமூகங்களின் கல்யாணங்களில் மணமக்கள் நெற்றியில் உறவினர் பட்டம் கட்டும் வழக்கம் இன்றும் உண்டு. வானத்தில் விடுவதும் பட்டம், விதைப்பதற்கு ஏற்ற பருவமும் பட்டம், கேலிக்கு வைக்கும் பெயரும் பட்டப்பெயர். இத்தனை பொருளுக்கும் தமிழில் வினைகள் வேறுவேறு. பட்டம் வாங்குவது ஒன்று, பட்டம் கட்டுவது இன்னொன்று. ஓடுகாலி என்று பட்டம் கட்டினார்கள், ராங்கிக்காரி என்று பட்டம் கட்டினார்கள் என்று பேசுகிறோமே, அந்தப் பட்டத்தை வாங்க யாரும் தேர்வு எழுத வேண்டியதில்லை. தெருவே கூடிக் கட்டிவிடும். நம் ஊர்ப் பெண்ணுக்கு வாங்கிய பட்டத்தைவிடக் கட்டிய பட்டம்தான் நீண்ட ஆயுள் கொண்டது. வாங்கிய பட்டம் பீரோவில் இருக்கும். கட்டிய பட்டம் நெற்றியிலேயே இருக்கும்.

சென்னை மாகாணத்தின் முதல் தலைமுறைப் பெண் பட்டதாரிகளை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1857இல். சகோதரி சுப்பலட்சுமி மாநிலக் கல்லூரியில் படித்து இளங்கலைப் பட்டம் பெற்றது 1911இல். அவர் சிறுமியாக இருந்தபோதே மணம் முடிக்கப்பட்டுக் கணவனை இழந்தவர். அந்தச் சாதியும் அந்தக் காலமும் அவருக்குக் கட்டி வைத்திருந்த சொல் என்ன என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அவர் பட்டம் பெற்று, தன்னைப் போன்ற குழந்தை விதவைகளைச் சேர்த்துப் படிக்கவைக்க இல்லம் நடத்தினார். அடுத்த ஆண்டு, 1912இல், முத்துலட்சுமி ரெட்டி மருத்துவப் பட்டம் பெற்றார். அவருடைய தாய் பொட்டுக்கட்டும் வழக்கம் கொண்ட குலத்தில் பிறந்தவர். அந்தக் குலத்துப் பெண்ணுக்கு ஊர் வைத்திருந்த சொல்லும் நமக்குத் தெரியும். ஒருவர் பிறப்பாலும் இன்னொருவர் இறப்பாலும் ஏற்கெனவே பெயரிடப்பட்டவர்கள். அந்தப் பெயரின் மேல் இன்னொரு பெயரை அவர்களே எழுதினார்கள். பட்டதாரி என்ற சொல் அன்று அவர்களுக்குச் செய்த வேலை இதுதான். ஒரு பெண்ணை இன்னாருடைய மனைவி, இன்னாருடைய விதவை, இன்ன குலத்து மகள் என்று சுட்டாமல், அவள் செய்த ஒன்றைக் கொண்டு சுட்டிய பெயர் அது. அப்படிப்பட்ட பெயர்கள் அதற்கு முன் அவளுக்கு மிகக் குறைவாகவே இருந்தன.

இந்தப் பெயரைக் கொடுக்க உலகம் எவ்வளவு தயங்கியது என்பதும் நினைவில் இருக்கவேண்டும். லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டங்களைத் திறந்துவிட்டது 1878இல். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் காதம்பினி பாசுவும் சந்திரமுகி பாசுவும் 1883இல் பட்டம் பெற்றார்கள். ஆக்ஸ்ஃபோர்டு 1920 வரை பெண்களுக்குப் பட்டம் தரவில்லை. கேம்பிரிட்ஜ் கதை இன்னும் வேடிக்கை. அங்கே பெண்களுக்கான கிர்ட்டன் கல்லூரி 1869லேயே தொடங்கிவிட்டது. பெண்கள் படித்தார்கள், தேர்வு எழுதினார்கள், தேறினார்கள். 1921இல் பல்கலைக்கழகம் அவர்களுக்குப் பட்டத்தின் பெயரை மட்டும் கொடுத்தது. பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பல்கலைக்கழக ஆட்சியில் பங்கோ வாக்கோ கிடையாது. முழுப் பட்டம் கிடைத்தது 1948இல். கல்கத்தாவுக்கு 65 ஆண்டுகள் பின்னால். சொல்லைக் கொடுத்துப் பொருளைப் பிடித்துவைத்துக்கொள்ளும் வித்தைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. நாமும் அந்த வித்தையைத் தெரியாதவர்கள் அல்ல.

*

ஆங்கிலம் வழியாக நம் கல்லூரிகளுக்கு வந்த சொற்களையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். பி.ஏ. என்பதன் முதல் எழுத்து 'பேச்சிலர்'. இடைக்கால ஐரோப்பாவில் இன்னொரு பெரிய வீரனின் கொடிக்குக் கீழே நிற்கும் இளம் வீரனைக் குறித்த சொல் அது. பிறகு கல்வியில் முதற்படி ஏறியவனையும், மணமாகாத ஆணையும் குறித்தது. நம் ஊரில் இன்று பேச்சிலர் என்றால் வீட்டு வாடகைப் பலகைதான் நினைவுக்கு வரும். பேச்சிலருக்கு வீடு இல்லை. இத்தனை ஆண்டுகளாகப் பெண்கள் இந்த மணமாகாத ஆண்மகனைத் தம் பெயருக்குப் பின்னால் முதலெழுத்தாகச் சுமந்துகொண்டிருக்கிறார்கள். தமிழ் இதில் ஒரு நல்ல காரியம் செய்தது. இளங்கலை, முதுகலை என்று பெயர்வைத்தது. ஆளின் பாலையோ திருமணத்தையோ தொடாமல் கல்வியின் படியை மட்டும் சொன்ன பெயர்கள். இந்த ஒரு மொழிபெயர்ப்புக்காகவே அன்றைய கலைச்சொல்லாக்கக்காரர்களை வாழ்த்தலாம்.

அடுத்த சொல், ஒவ்வொரு கல்லூரியின் நுழைவாயில் பதாகையிலும் ஆண்டுக்கொருமுறை தொங்குவது. அலும்னி. இது லத்தீன். ஊட்டி வளர்த்தல் என்ற வினையிலிருந்து பிறந்தது. ஊட்டி வளர்க்கப்பட்ட ஆண் பிள்ளை அலும்னஸ், பெண் பிள்ளை அலும்னா. ஆண்கள் பலராக இருந்தால் அலும்னி. பெண்கள் மட்டும் பலராக இருந்தால் அவர்களுக்குத் தனிப் பன்மை உண்டு, அலும்னே என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பெண்கள் நடுவே ஓர் ஆண் வந்து நின்றால்? இலக்கணம் உடனே ஆண்பால் பன்மைக்கு மாறிவிடும். ஆயிரம் பேரின் பாலை ஒருவன் மாற்றிவிடுகிறான். ஆங்கிலேயர் உச்சரிப்பில் இந்த இரண்டு பன்மைகளின் கடைசி ஒலியும் லத்தீன் உச்சரிப்புக்கு நேர்தலைகீழாக இடம் மாறிக்கிடக்கின்றன என்பது தனிக் குழப்பம். நம் ஊரில் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பெண்கள் கல்லூரியில் படித்த ஒருத்தி 'நான் இந்தக் காலேஜ் அலும்னி' என்று சொல்லும்போது, இலக்கணப்படி அவள் தன்னைப் பல ஆண்களாக அறிவிக்கிறாள்.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு பின்புலமும் உண்டு. ரோமானியக் கல்வெட்டுகளில் அலும்னா என்பது பெரும்பாலும் பள்ளியில் படித்த பெண் அல்ல. வளர்ப்பு மகள். பெற்றோர் கைவிட்ட குழந்தையை இன்னொரு வீடு எடுத்து வளர்த்தால் அந்தக் குழந்தைக்கு அந்தப் பெயர். அப்படி வளர்ந்தவர்களில் பலர் அந்த வீட்டின் அடிமைகளாகவே வளர்ந்தார்கள். வளர்த்த நன்றி என்ற கயிறு எவ்வளவு நீளமானது என்பதற்குச் சொல்லே சாட்சி. ஒரு கல்லூரி தன் முன்னாள் மாணவியைப் பார்த்து 'நீ நான் வளர்த்த பிள்ளை' என்னும்போது பாசமும் உண்டு, உரிமை கோரலும் உண்டு. சாதனையாளர் பட்டியலில் உள்ள முன்னாள் மாணவியின் படம் விழா மலரின் அட்டையில் வரும். படிப்பை முடித்த மறு மாதம் மணம் முடித்துக் கொடுக்கப்பட்டவளின் முகவரி அலுவலகத்தில் இருக்காது. வளர்ப்புத் தாய் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி நினைவில் வைத்திருப்பதில்லை.

அதே சமயம், பெண்கள் கல்லூரிகளின் பெயர்ப்பலகைகளில் 'முன்னாள் மாணவியர் சங்கம்' என்று எழுதியிருப்பதை நான் மாற்றச் சொல்லமாட்டேன். 1914இல் தொடங்கிய ராணி மேரிக் கல்லூரியும், 1915இல் தொடங்கிய பெண்கள் கிறித்தவக் கல்லூரியும், 1948இல் மதுரையில் தொடங்கிய லேடி டோக் கல்லூரியும் பெண்களுக்கென்று ஓரிடம் வேண்டும் என்ற தேவையிலிருந்து எழுந்தவை. அங்கே பெண்பால் ஈறு ஒரு வரலாற்றைச் சொல்கிறது. வேறு எங்கும் கதவு திறக்காதபோது அல்லது அரைகுறையாகத் திறந்தபோது, பெண்கள் கூடிப் படித்த இடம் அது. நான் எதிர்ப்பது பெண்பால் ஈற்றை அல்ல. எந்த இடத்தில் அது வரலாற்றைச் சொல்கிறது, எந்த இடத்தில் வேலியாக நிற்கிறது என்று பார்க்காமல் இருப்பதையே.

*

தமிழ் இலக்கணம் இந்த விஷயத்தில் நமக்குக் கொடுத்திருப்பது லத்தீனைவிடப் பெரிய சொத்து. தொல்காப்பியம் உயர்திணைக்கு மூன்று பால் வகுக்கிறது. ஆண்பாலுக்கு னகர ஈறு. பெண்பாலுக்கு ளகர ஈறு. பலர்பாலுக்கு ரகர ஈறு முதலானவை. இந்தப் பலர்பால் ஆணுக்கும் சொந்தமில்லை, பெண்ணுக்கும் சொந்தமில்லை. ஆயிரம் பெண்கள் நடுவே ஓர் ஆண் வந்தாலும், ஆயிரம் ஆண்கள் நடுவே ஒரு பெண் வந்தாலும் 'வந்தார்கள்' என்பதில் ஓர் எழுத்தும் மாறாது. பன்மைக்கு இருந்த இந்த ரகர ஈறு மரியாதை ஒருமைக்கும் வந்தபோது இன்னொரு கதவு திறந்தது. மருத்துவர், வழக்கறிஞர், எழுத்தாளர், முதல்வர். யாரைக் குறித்தாலும் ஒரே சொல். பிரெஞ்சு மொழியில் பதவிப் பெயர்களுக்குப் பெண்பால் வடிவங்களை அதன் மொழிக்கழகம் ஏற்றுக்கொண்டது 2019இல்தான். அதற்குப் பல தலைமுறைப் பெண்கள் போராடவேண்டியிருந்தது. அவர்களுடைய இலக்கணத்தில் பொதுப்பால் என்று சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் ஆண்பால். அதனால் அவர்கள் பெண்பாலைக் கேட்டார்கள். நமக்கு உண்மையான பொதுப்பால் இருக்கிறது. பிரச்சினை இலக்கணத்தில் இல்லை. புழக்கத்தில் இருக்கிறது.

பெண்பாற் சொற்கள் தமிழில் என்ன ஆகின்றன என்று பாருங்கள். 'மருத்துவன்' என்பதற்குப் பெண்பால் 'மருத்துவச்சி'. ஆனால் மருத்துவக் கல்லூரியில் படித்து வந்த ஒரு பெண்ணை மருத்துவச்சி என்று அழைத்தால் அவமதிப்பாகிவிடும். அந்தச் சொல் பிள்ளைப்பேறு பார்க்கும் ஊர்ப்பெண்ணுக்கு உரியதாகிவிட்டது. அந்தப் பெண்ணின் அறிவு பட்டத்துக்குள் வராத அறிவு, பல இடங்களில் அவள் சாதியும் சேர்த்து இழிவாகப் பார்க்கப்பட்ட அறிவு. ஆணின் சொல் மேலே ஏறிக்கொண்டே போக, அதன் பெண்பால் ஏணியின் அடிப்படியிலேயே நின்றுவிட்டது. 'டாக்டரம்மா' என்ற சொல்லைக் கேளுங்கள். அவர் டாக்டரா, டாக்டரின் மனைவியா? 'டீச்சரம்மா'வில் குழப்பமில்லை. 'வாத்தியாரம்மா'வில் குழப்பம் உண்டு. பெண் தானே ஒன்றாக இருப்பதும், ஒன்றாக இருப்பவனுக்கு மனைவியாக இருப்பதும் நம் பேச்சில் ஒரே சொல்லாகிவிடுகின்றன.

கவிதை எழுதும் பெண்கள் இந்த வேலியை நன்றாக அறிவார்கள். மேடையில் ஆணைக் 'கவிஞர்' என்று அழைத்துவிட்டு, அடுத்து நம்மைக் 'கவிதாயினி' என்று அழைப்பார்கள். அழைப்பவருக்கு அது மரியாதை. சொல்லின் நீளத்திலேயே ஒரு சால்வை தொங்கும். நாம் கேட்டது சால்வையை அல்ல, அதே நாற்காலியை. சங்கப் பாடல்களின் புலவர் பெயர்களில் ஔவையாரும் வெள்ளிவீதியாரும் ஒக்கூர் மாசாத்தியாரும் மற்றப் புலவர்களைப் போலவே ஆர் விகுதியோடுதான் நிற்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுப் பழமை பேசுகிறவர்கள் இந்தப் பழமையையும் கொஞ்சம் பேசலாம்.

எல்லாப் பெண்பாற் சொற்களும் கீழேதான் போகும் என்றும் சொல்லிவிட முடியாது. 'தலைவி' அகப்பாடல்களில் காத்திருப்பவள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி அரசியல் அவளைக் கட்சிக்குத் தலைமை தாங்குகிறவளாக மாற்றியது. சொல் அதே சொல். அதன் பின்னால் இருந்த அதிகாரம் மாறியதும் பொருள் தானாக மாறியது. இதிலிருந்து எனக்குத் தெரிவது ஒன்றுதான். 'பட்டதாரினி' என்று ஒரு சொல்லை உருவாக்குவதால் பெண்ணுக்கு இடம் வந்துவிடாது. இடம் இருந்தால் எந்தச் சொல்லும் போதும்.

*

அந்த இடம் எப்படி இருக்கிறது? உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தில் தமிழ்நாடு நெடுநாளாக முன்வரிசையில் நிற்கிறது. 2021–22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாட்டின் விகிதம் 28.4, தமிழ்நாட்டின் விகிதம் 47. பெண்கள் ஆண்களுக்குக் குறையாமல் சேர்கிறார்கள். எண்ணிக்கையில் 'பட்டதாரி' என்ற சொல்லின் பாதி பெண்களுடையது. ஆனால் சொல்லின் படம் யாருடையது?

2014இல் வெளியான 'வேலையில்லா பட்டதாரி' படத்தின் தலைப்பைக் கேட்டதும் நமக்கு ஓர் இளைஞன்தான் நினைவுக்கு வந்தான். அதில் வியப்பில்லை. எண்பதுகள் தொட்டு நம் சினிமாவிலும் சிறுகதையிலும் வேலைவாய்ப்பு அலுவலக வரிசையில் நின்றவன் அவன். அப்பாவிடம் தண்டச்சோறு என்று திட்டு வாங்கியவனும் அவன். ஒரு பெண் பட்டம் பெற்று வேலையில்லாமல் இருந்தால் அவளைத் தண்டச்சோறு என்று யாரும் சொல்வதில்லை. 'வீட்ல சும்மாதான் இருக்கா' என்பார்கள். சும்மா இருக்கிறவள் காலையில் ஐந்து மணிக்கு எழுந்திருப்பாள். அரசின் கணக்கும் ஊரின் பேச்சையே பின்பற்றுகிறது. வீட்டு வேலைகளில் ஈடுபட்டிருப்பவர்கள் என்ற கட்டத்தில் அவள் பெயர் விழுந்துவிட்டால், தொழிலாளர் கணக்கெடுப்பில் அவள் உழைப்புப் படைக்கு வெளியே போய்விடுகிறாள். வேலை தேடுவோர்தான் வேலையில்லாதோர். ஆகவே அவள் வேலையில் இருப்பவளும் அல்ல, வேலையில்லாதவளும் அல்ல. வேலையில்லாப் பட்டதாரி என்ற அந்த ஏமாற்றப் பெயர்கூட அவளுக்குக் கிடைப்பதில்லை.

அவளுடைய பட்டம் உரக்கப் பேசப்படும் ஓரிடம் மணமகள் தேவை விளம்பரம். 'பட்டதாரி, சிவப்பு, குடும்பப் பாங்கான.' மூன்றும் ஒரே வரிசையில் வரும். அங்கே பட்டம் நிறத்துக்கும் அடக்கத்துக்கும் நடுவே ஓர் அணிகலன். இதற்கு வேர் மிகப் பழையது. வடமொழியில் கல்வி முடித்தவனுக்கு ஸ்நாதகன் என்று பெயர். குருகுலம் முடிந்து நீராடியவன். அந்த நீராட்டோடு மாணவ வாழ்க்கை முடிந்து அவன் மணம் செய்துகொள்ளும் தகுதி பெறுகிறான். பெண்ணுக்கு? மனுவின் நூல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆணுக்கு உபநயனம் எதுவோ பெண்ணுக்குத் திருமணம் அதுவே, கணவனுக்குப் பணிவிடை செய்வதே அவளுக்குக் குருகுல வாசம். கல்வியைத் திருமணத்தால் ஈடுசெய்த அந்தக் கணக்கு பழைய சுவடியோடு போய்விடவில்லை. இறுதியாண்டுத் தேர்வு முடிவதற்கு முன்பே மாப்பிள்ளை வீட்டார் வந்துபோகும் ஊர்களில், பட்டமளிப்பு விழாவுக்குக் கைக்குழந்தையோடு வருகிறவர்களும், வராமலே போகிறவர்களும் அந்தக் கணக்கின் மீதிகள்.

நம் அரசும் ஒரு காலத்தில் இந்தக் கணக்கை ரூபாயில் எழுதியது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கிய திருமண உதவித் திட்டம் பிறகு பெரிதாகியது. 2011க்குப் பிறகு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. பத்தாம் வகுப்புப் படித்த பெண்ணின் திருமணத்துக்கு 25,000 ரூபாய், பட்டம் அல்லது பட்டயம் பெற்ற பெண்ணின் திருமணத்துக்கு 50,000 ரூபாய். தங்கம் முதலில் நான்கு கிராம், 2016 முதல் எட்டு கிராம். ஏழை வீடுகளில் பெண்ணைப் பத்தாவது வரையேனும், கல்லூரி வரையேனும் நிறுத்தி வைக்க இந்தத் திட்டம் உதவியது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் பட்டத்தின் பலனை அவள் கல்யாணத்தன்றுதான் வாங்கமுடியும். மணம் வேண்டாம் என்று சொல்லும் பட்டதாரிக்கு அந்தக் கவுண்டரில் வேலையில்லை. பொட்டுக்கட்டுக்கு எதிராக வாழ்நாள் முழுவதும் போராடி, 1936இல் அதையே நாவலாகவும் எழுதிய ஒரு பெண்ணின் பெயரில் தாலித் தங்கம் வழங்கிய முரணை அந்த அம்மையார் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! 2022இல் அந்தத் திட்டம் மாறியது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்குப் படிக்கும் காலத்தில் மாதம் 1,000 ரூபாய். பாரதியின் கவிதைத் தலைப்பொன்றை எடுத்துப் புதுமைப் பெண் என்று பெயரிட்டார்கள். தொகை சிறியதுதான். ஆனால் பணம் தாலியை விட்டுப் பேருந்துக் கட்டணத்துக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் வந்தது என்பது ஒரு சொல்லின் பொருள் மாறுவதற்குச் சமம்.

'முதல் தலைமுறைப் பட்டதாரி' என்பது நம் ஆட்சிமொழி கண்ட மிக அழகான தொடர். தொழிற்கல்விக் கட்டணச் சலுகைக்காக 2010இல் புழக்கத்துக்கு வந்தது. அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கும் பெண்ணின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சலுகைக் காகிதம் மட்டுமல்ல. தாத்தா பாட்டி காலத்திலிருந்து மூடியிருந்த ஒரு கதவின் சாவி. ஆனால் குடும்பத்தில் வேறு யாரும் பட்டதாரியாக இருக்கக்கூடாது என்பதுதான் அதற்கான விதி. ஒரு வீட்டுக்கு ஒரு முதல். அண்ணன் முந்திக்கொண்டால் தங்கை இரண்டாமவள். ஆனால் பாட்டியும் அத்தையும் அம்மாவும் கல்லூரி வாசலை மிதிக்காத ஒரு வீட்டில், அண்ணன் படித்துவிட்டதால் மட்டுமே தங்கை முதல் தலைமுறை இல்லை என்று ஆகிவிடுமா? தலைமுறை என்பதை ஆண்வழியிலேயே எண்ணிப் பழகிய கை, பெண்வழியிலும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். அந்த வீட்டுப் பெண்களின் வரிசையில் அவள்தான் முதல்.

*

எனவே 'பட்டதாரிக்குப் பெண்பால் என்ன' என்று கேட்டால் என் விடை, பட்டதாரி. புதிதாக எதுவும் ஒட்டவேண்டாம். 'பட்டதாரிப் பெண்' என்பதில் பட்டதாரி வெறும் அடைமொழியாகிவிடுகிறது. பெண் என்பதுதான் தலைச்சொல். 'பட்டதாரி இளைஞர்' என்று எழுதும் செய்தியாளர் அவனுடைய வேலை, கடன், தொழில், போராட்டம் பற்றி எழுதுவார். 'பட்டதாரிப் பெண் தற்கொலை', 'பட்டதாரிப் பெண் காதலனுடன் ஓட்டம்' என்று எழுதும்போது அந்தப் பட்டம் எதற்கு அங்கே வருகிறது? படித்தும் இப்படியா என்று வாசகரை உச்சுக்கொட்ட வைப்பதற்கு. 'படிச்ச பொண்ணு' என்ற பேச்சுவழக்கும் அப்படித்தான். பணிந்து போனால் 'படிச்ச பொண்ணு, எவ்வளவு அடக்கம்'. எதிர்த்துப் பேசினால் 'படிச்ச திமிரு'. இரண்டிலும் அவள் என்ன படித்தாள் என்று யாரும் கேட்பதில்லை.

கல்லூரி அழைப்பிதழ்களில் 'முனைவர் (திருமதி)' என்று அச்சிடும் வழக்கமும் இதன் உடன்பிறப்பு. ஆண் முனைவருக்கு அடைப்புக்குறி கிடையாது. பெண்ணின் ஆய்வுப் பட்டத்துக்கும் அவள் பெயருக்கும் நடுவே அவள் திருமண நிலை வந்து உட்கார்ந்துகொள்கிறது. அடைப்புக்குறியை எடுத்துவிடச் சொன்னால் அச்சகத்தில் ஒரு நிமிட வேலை. அலுவலகத்தில் அதற்கு ஒரு வாரம் விவாதம் நடக்கும். சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள்தான் அந்தச் சொல்லை எடுக்க மறுப்பவர்களாகவும் இருக்கிறார்கள்.

சொல்லைக் காப்பாற்றிக்கொள்வது பெண்ணுக்கு எவ்வளவு கடினம் என்பதைக் கடைசியில் ஒரு காகிதமே சொல்லிவிடும். பட்டச் சான்றிதழில் அவள் பெயருக்கு முன்னால் இருப்பது தந்தையின் தலைப்பெழுத்து. திருமணத்துக்குப் பிறகு ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் வங்கியிலும் கணவனின் தலைப்பெழுத்து வந்துவிடுகிறது. பத்து ஆண்டு கழித்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, அவள் பீரோவைத் திறந்து அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். இதில் இருப்பவரும் அதில் இருப்பவரும் ஒருவர்தானா என்று கேட்கிறார்கள். முத்திரைத்தாள் வாங்கி, நோட்டரியிடம் போய், இருவரும் ஒருவரே என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள். அவள் கணவனும் அதே ஆண்டில் பட்டம் பெற்றவன்தான். அப்படி ஓர் உறுதிமொழியை அவனிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.